தணிக்கையிலிருந்து ட்யூ டிலிஜென்ஸுக்கு

தணிக்கையாளருக்கு ஆண்டு மார்ச் 31 அன்று முடிந்துவிடுகிறது. அன்றைய சரக்கிருப்பும் அன்றைய கடனும் அதுவரையிலான லாபமும் கணக்கியல் தரநிலைகளின்படி உண்மையாகவும் நியாயமாகவும் காட்டப்பட்டுள்ளனவா என்பதே அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. சென்னையில் ஒரு தணிக்கை நிறுவனத்தில், பட்டயக் கணக்காளர் படிப்பின் பயிற்சிக் காலமான ஆர்ட்டிக்கிள்ஷிப்பில் தொடங்கி, தொழிற்சாலைக் கிடங்குகளில் சரக்கு எண்ணியும் வவுச்சர்களைப் புரட்டியும் தொழில் கற்ற நான், நிறுவனங்களை வாங்க முன்வருவோருக்காக அவற்றின் நிதிநிலையை ஆராயும் ட்யூ டிலிஜென்ஸ் பணிக்கு மாறினேன். எல்லாக் கணக்குகளின் இருப்புகளையும் பட்டியலிடும் அதே டிரையல் பேலன்ஸை வைத்துக்கொண்டு அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறாக இருந்தது: நிறுவனம் கைமாறிய பிறகு, இந்த லாபம் புதிய உரிமையாளருக்கு அடுத்த ஆண்டும் வருமா?

கோவையில் வார்ப்படத் தொழில் செய்யும் ஒரு குடும்ப நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக, வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபம், அதாவது எபிட்டா, 10 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டவை; பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பத்துக் கோடியில் 60 லட்சம், தீவிபத்துக்காகக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்த தொகை. இன்னொரு 70 லட்சம், மூலப்பொருள் விலை திடீரென ஏறிய மாதங்களில், பழைய விலைக்கு வாங்கி வைத்திருந்த இருப்பால் கிடைத்த ஆதாயம். நிறுவனத்தை நடத்தும் அண்ணன் தம்பி இருவரும் சம்பளம் எடுப்பதில்லை. அவர்கள் விலகிய பின் அந்த இடத்தில் அமர்த்தப்படுபவர்களுக்கு ஆண்டுக்கு 80 லட்சமாவது கொடுக்க வேண்டும். ஆலை நிற்கும் நிலம் அவர்களுடைய தாயாரின் பெயரில் இருக்கிறது. சந்தையில் மாதம் 5 லட்சம் பெறக்கூடிய அதற்கு 1 லட்சமே வாடகை, ஆகவே 48 லட்சம் குறைய வேண்டும். மறுபுறம், முடிந்துபோன ஒரு வழக்குக்கான 20 லட்சம் செலவு இனி வராது என்பதால் அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். மிஞ்சுவது 7.62 கோடி. எபிட்டாவைப் போல் எட்டு மடங்கு என்று விலை பேசப்பட்டிருந்தால், 80 கோடி மதிப்பு ஏறத்தாழ 61 கோடியாகிறது. தணிக்கையாளர் இவற்றில் எதற்கும் ஆட்சேபம் தெரிவித்திருக்க மாட்டார், தெரிவிக்க வேண்டிய காரணமும் இல்லை.

முக்கியத்துவ வரம்பு என்ற தணிக்கைக் கருத்தும் இங்கே அப்படியே பொருந்துவதில்லை. வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதத்தை அளவாகக் கொண்டு, அதைவிடச் சிறிய பிழைகளைத் திருத்தாமல் விட்டுவிடுவது தணிக்கையில் பரவலான வழக்கம். விலை பேசும் மேசையில் அந்தச் சிறிய பிழையும் எட்டால் பெருக்கப்படுகிறது. முந்தைய ஆண்டின் போனஸ் இந்த ஆண்டில் பதிவாகியிருந்தால், இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது தொகை மாறாது. ஆனால் லாபம் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கு மாறிவிடும், வாங்குபவர் பணம் கொடுப்பதோ அந்தப் போக்கை நம்பித்தான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது நடைமுறை மூலதனம், அதாவது சரக்கிருப்பிலும் வர வேண்டிய பாக்கியிலும் முடங்கும் தொகையிலிருந்து சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கழித்த மீதி. தணிக்கையில் மார்ச் 31 இருப்புநிலையைத் துருவித் துருவிப் பார்த்த எனக்கு, அந்த ஒரு நாள்தான் ஆண்டிலேயே மிகவும் இயல்பற்ற நாள் என்பது மாதவாரியான கணக்குகளை வரிசையாக வைத்தபோதுதான் முழுதாகத் தெரிந்தது. விற்பனைப் பிரிவு மார்ச் மாதத்தில் வசூலை விரட்டுகிறது. கிடங்கு காலியாகிறது. 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43பி(எச்) பிரிவு 2023-24 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, குறு, சிறு தொழில்களுக்குக் கெடுவைத் தாண்டியும் நிலுவை வைத்தால் அந்தச் செலவை அந்த ஆண்டில் கழிக்க முடியாது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாள்தான். ஆதலால் மார்ச் கடைசி வாரத்தில் அவர்களுக்கு மொத்தமாகப் பணம் போகிறது. இந்த ஒரு நாளை வைத்து, தொழில் நடக்க எவ்வளவு மூலதனம் தேவை என்று முடிவு செய்தால் ஏமாற்றமே. பன்னிரண்டு மாத சராசரி, பருவ விற்பனை உள்ள தொழிலானால் இருபத்து நான்கு மாத சராசரி எடுத்து, அதையே ஒப்பந்தத்தில் அடிப்படை அளவாக எழுத வேண்டும். இல்லையென்றால், கைமாறும் நாளுக்கு முன் விற்பவர் சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்காமல் நிறுத்தி வைத்து வங்கிக் கையிருப்பை உயர்த்திக் காட்டலாம். பேசிய மதிப்பிலிருந்து கழிக்கப்படும் நிகரக் கடன் (கடனிலிருந்து கையிருப்பைக் கழித்த மீதி) குறைந்ததாகக் கணக்காகி, வாங்குபவர் அதற்கும் சேர்த்து விலை கொடுப்பார், பிறகு சப்ளையர்களுக்கும் அவரே கொடுப்பார்.

அந்த நிகரக் கடனிலும் வங்கிக் கடன் மட்டும் இருப்பதில்லை. நிதி ஒதுக்காத பணிக்கொடை, அதாவது ஒவ்வொரு முழு ஆண்டுப் பணிக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்த பொறுப்பு, இயந்திரம் வாங்கியதில் உள்ள பாக்கி, கொடுபடாத போனஸ் ஆகிய அனைத்தும் கடனைப் போன்றவையே என்று வாதிட வேண்டும். விற்பவரின் ஆலோசகர் எதிர்வாதம் செய்வார். தரநிலையைத் திறந்து காட்டி முடிக்க இயலாத இந்தப் பேரத்துக்குப் பழகத் தணிக்கையிலிருந்து வருபவர்களுக்குச் சற்றுக் காலம் பிடிக்கிறது.

அதிகாரம் இல்லாமல் வேலை செய்வதும் புதிது. 2013 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 143 ஆவது பிரிவின் மூலம், கணக்குப் புத்தகங்களை எந்நேரமும் பார்க்கவும் விளக்கம் கோரவும் தணிக்கையாளருக்கு உரிமை தந்திருக்கிறது. இங்கே, ஆவணங்களைப் பகிரும் இணையவழிப் பெட்டகமான டேட்டா ரூமில் விற்பவர் ஏற்றியதைத்தான் படிக்க முடியும். அவர் நமது வாடிக்கையாளரும் அல்லர். "ஆடிட்டர் பாத்துக் கையெழுத்துப் போட்ட கணக்குங்க, இதுல நீங்க இன்னும் என்னங்க பாக்கோணும்?" என்று உரிமையாளர் கேட்டால் சட்டப் பிரிவைச் சொல்லிப் பதிலளிக்க முடியாது. மேலாளர்களோடு கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தில் எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும்.

சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தில், வங்கி இருப்பாகக் காட்டப்பட்டதில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டதற்குப் பின், வங்கியிடமிருந்து நேரடியாக உறுதிக் கடிதம் பெறுவது தணிக்கையில் எவ்வளவு முக்கியம் என்பது எங்கள் தலைமுறைக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிராத பாடமாகிவிட்டது. ட்யூ டிலிஜென்ஸில் பெரும்பாலும் அத்தகைய கடிதம் கேட்கப்படுவதில்லை. விற்பவர் தரும் வங்கி அறிக்கைகளை விற்பனையோடும், மாதந்தோறும் தாக்கலான ஜிஎஸ்டி படிவங்களோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரி. மோசடியைக் கண்டுபிடித்துத் தருவார்கள் என்று எண்ணி எங்களை அமர்த்துபவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

அறிக்கையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தணிக்கை அறிக்கையின் வாசகம் பெரும்பாலும் முன்கூட்டியே வகுக்கப்பட்டது. இங்கே கருத்துரை என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு கண்டுபிடிப்பும் விலையைக் குறைப்பதற்கா, கடனில் சேர்ப்பதற்கா, ஒப்பந்தத்தில் இழப்பீட்டு உறுதி கேட்பதற்கா, வாங்கும் எண்ணத்தையே கைவிடுவதற்கா என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

தணிக்கைப் பயிற்சி வீண்போவதில்லை என்பதை விற்பவர் தரப்பில் வேலை செய்யும்போது அதிகமாக உணர்கிறேன். எந்தச் செலவு எந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும், மாதக் கடைசியில் எந்தப் பதிவு தள்ளிப்போகும் என்பதெல்லாம் கிடங்கிலும் கணக்குப் பிரிவிலும் உட்கார்ந்து கற்றவை; எக்செலில் மட்டும் பழகியவர்களுக்கு அவை எளிதில் தென்படுவதில்லை. நிறுவனத்தை விற்க நினைக்கும் குடும்பங்களிடம் நான் சொல்வது இதைத்தான்: நிலத்துக்குச் சந்தை வாடகையில் ஒப்பந்தம் போடுங்கள், உங்களுக்குரிய சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுச் செலவைக் கணக்கிலிருந்து விலக்குங்கள், சரக்கிருப்பை மாதந்தோறும் எண்ணிக் கணக்கை முடியுங்கள். வாங்குபவர் வழக்கமாக மூன்று ஆண்டுக் கணக்கைக் கேட்பார் என்பதால், விற்பனைக்கு முந்தைய மாதத்தில் இதைத் தொடங்கிப் பயனில்லை. குறைந்தது இரண்டு முழு நிதியாண்டுகளாவது அப்படி நடந்திருக்க வேண்டும்.