வின்எஃப்எஸ் வந்திருக்க வேண்டும்

மைக்ரோசாஃப்ட் வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிட்ட வசதிகளில் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் வின்எஃப்எஸ் விஷயத்தில்தான். கோப்புகளையும் அவற்றுக்கு இடையிலான தொடர்புகளையும் சேர்த்து வைக்க விண்டோஸுக்காகத் திட்டமிட்ட சேமிப்பு முறை அது. 2006 ஜூனில் அதைத் தனியாக வெளியிடப் போவதில்லை என்று அறிவித்தார்கள். இத்தனை வருஷம் கழித்து அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடுகளின் காகிதங்களையும் படங்களையும் ஸ்கேன் செய்து ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் தொழில், அதில் தினமும் எந்த இடத்தில் திணறுகிறேனோ சரியாக அந்த இடத்தில்தான் வின்எஃப்எஸ் கைகொடுத்திருக்கும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2003 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த டெவலப்பர் மாநாட்டில் லாங்ஹார்ன் என்ற பெயரில் அடுத்த விண்டோஸைக் காட்டினார்கள், பின்னால் விஸ்டா என்று வந்ததே, அதுதான். அதில் பெரிதாகப் பேசப்பட்டவற்றில் ஒன்று வின்எஃப்எஸ். அடியில் விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் அப்படியே இருக்கும், அதன் மேல் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் தொழில்நுட்பத்தில் ஒரு தரவுத்தளம் இருக்கும். ஓர் ஆள், ஒரு படம், ஒரு கடிதம் எல்லாமே அதில் தனித்தனி உருப்படிகள். இந்தப் படத்தில் இருப்பவர் இவர், இந்தக் கடிதத்தை எழுதியவரும் இவரே என்ற தொடர்பையும் ஆபரேட்டிங் சிஸ்டமே வைத்துக்கொள்ளும், எந்த மென்பொருளில் திறந்தாலும் அதே தொடர்பு கிடைக்கும். இது அவர்களுக்கும் புதிய ஆசை இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கெய்ரோ என்ற திட்டத்தில் இதே திசையில்தான் பேசினார்கள், அதுவும் வரவில்லை.

2004 ஆகஸ்டில் லாங்ஹார்னிலிருந்து வின்எஃப்எஸ்ஸைக் கழற்றினார்கள். 2005 ஆகஸ்டில் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, வந்தது, சரி, தாமதமானாலும் வந்துவிடும் என்று தோன்றியது. அடுத்த ஜூனில் கதை முடிந்தது. செய்த வேலை எஸ்க்யூஎல் சர்வருக்கும், புரோகிராம்கள் தரவுத்தளத்தோடு பேச உதவும் ஏடிஓ டாட் நெட்டுக்கும் போகிறது என்றார்கள், அது உண்மைதான், 2008ல் என்டிட்டி ஃபிரேம்வொர்க் வந்தது, அதே வருஷத்து எஸ்க்யூஎல் சர்வரில் ஃபைல்ஸ்ட்ரீம் வந்தது. ஆனால் அதெல்லாம் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மிஞ்சியது ஒரு தேடல் பெட்டி.

தேடல் இருந்தால் போதுமே என்று சொல்பவர்கள் ஒரு நகரத்தார் வீட்டுக் காகிதங்களை வைத்துக்கொண்டு தேடிப் பார்க்க வேண்டும். இங்கே பேரனுக்கு ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பெயரை வைப்பது வழக்கம். பழனியப்பன், அவர் மகன் ராமநாதன், அவர் மகன் மறுபடியும் பழனியப்பன். ராமநாதனின் தம்பிக்கு மகன் பிறந்தால் அவனும் பழனியப்பன்தான். 'பழனியப்பன்' என்று தேடினால் ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் நடத்தியவரும் வருவார், இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவரும் வருவார். விலாச எழுத்துகளை (பெயருக்கு முன்னால் வரும் குடும்ப முதலெழுத்துகளை)ச் சேர்த்துத் தேடினாலும் தலைமுறை விட்டுத் தலைமுறை அதே எழுத்துகள் வந்து நிற்கின்றன. போதாததற்குப் பிள்ளை கூட்டும், அதாவது தத்தெடுக்கும், வழக்கம் வேறு. ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டுக்குப் பிள்ளை வந்தவருக்கு, சின்ன வயதுப் படம் ஓர் ஊரில் இருக்கும், கல்யாணக் காகிதம் வேறு ஊரில் வேறு அப்பச்சி (அப்பா) பெயரோடு இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்பது எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது.

ஒரு வீட்டில் ஐம்பதுகளில் எடுத்த கல்யாணப் படம் ஒன்று கிடைத்தது. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், தூண்களுக்கு முன்னால் மூன்று வரிசையாக உட்கார்ந்தும் நின்றும் இருக்கிறார்கள், பின்பக்கம் பென்சிலில் வருஷம் மட்டும். ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கி அந்த வீட்டு ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நடு வரிசையில் ஒருவர்மேல் விரலை வைத்தார்கள். "இவுக கொத்தமங்கலத்துல பொறந்து இங்க பிள்ளை வந்தவுக, தம்பி. பக்கத்துல நிக்கிறது இவுகளப் பெத்த ஆத்தாளுக்குத் தம்பி. பொண்ணெடுத்தது மாத்தூர் கோயில்ல." (நகரத்தாரில் கோயில் என்றால் குலப் பிரிவு.) இப்படியே வரிசை வரிசையாகப் போனார்கள், ஒரு முகத்தில்கூடத் தயங்கவில்லை. அவர்கள் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு உருப்படிகளுக்கு இடையிலான ஓர் உறவு. விண்டோஸில் அதை வைக்க எனக்கு இருந்ததோ ஒரு ஃபோல்டரும் ஒரு கோப்புப் பெயரும்.

இசைகுடிமானமும் அப்படித்தான். ஒரே ஒரு கல்யாண ஒப்பந்தக் காகிதம், மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் சமமாகச் சொந்தமானது, இரண்டு வீட்டின் கோயிலையும் வைத்துத் தேட வேண்டியது. எந்த ஃபோல்டரில் போடுவது? எல்லாவற்றிலும் நகலெடுத்துப் போட்டால், நாளைக்கு ஒரு பெயரைத் திருத்தும்போது எத்தனை இடத்தில் திருத்துவது?

வின்எஃப்எஸ் லேசான வேலை என்று நான் சொல்லவில்லை. விஸ்டாவுக்கே குறைந்தது 512 எம்பி ரேம் போதும் என்று போட்டிருந்த காலம், அந்த இயந்திரங்களில் முழு டிஸ்க்குக்கும் ஒரு தரவுத்தளத்தை ஓட்டுவது பெரிய சுமை. ஓர் 'ஆள்' என்றால் என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்று எல்லா மென்பொருள் கம்பெனிகளும் ஒத்துக்கொள்ள வைப்பது அதைவிடக் கஷ்டம். ஆனாலும் சின்ன அளவிலாவது கொடுத்திருக்கலாம் என்பதில் நான் மாறவே மாட்டேன். தொண்ணூறுகளிலேயே பீஓஎஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எந்தக் கோப்போடும் நமக்கு வேண்டிய விவரங்களை ஒட்டி வைக்க முடிந்தது, அவற்றை வைத்து வினவவும் முடிந்தது. அதை ஒரு சின்னக் கம்பெனி செய்தது. பில் கேட்ஸே 2013ல், வெளிவந்திருக்க வேண்டும் என்று தான் நினைக்கிற தயாரிப்பு எது என்று கேட்டபோது இதைத்தான் சொன்னார், காலத்துக்கு முன்னால் யோசித்துவிட்டோம் என்கிற மாதிரி. அவருக்கே அந்த எண்ணம் இருந்திருக்கிறது என்றால், அதற்கு அப்புறம் வந்த எந்த விண்டோஸிலும் ஏன் யாரும் திரும்ப எடுக்கவில்லை என்று எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. இன்றைக்கு ரேமுக்கும் பஞ்சமில்லை, வேகத்துக்கும் பஞ்சமில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். படங்களுக்குள் எக்ஸ்எம்பி (கோப்புக்குள்ளேயே விவரம் எழுதி வைக்கும் முறை) விவரமாக ஆட்களின் பெயரை எழுதிவிடுகிறேன், படம் எங்கே போனாலும் பெயர் கூடவே போகும். பிடிஎஃப்களுக்கு எக்ஸ்ப்ளோரரில் டேக் போட வழியில்லை, என் வேலையில் பாதி பிடிஎஃப். அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் கொடுத்து, யார் யாருக்கு என்ன உறவு, யார் எந்த வீட்டுக்குப் பிள்ளை வந்தவர், எந்தக் கோப்பில் யார் இருக்கிறார் என்பதை எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறேன். குடும்பத்துக்கு டிஸ்க் கொடுக்கும்போது அதிலிருந்து ஓர் எக்ஸெல் பட்டியலும் எடுத்துப் போடுகிறேன். எந்தக் கோப்பின் பெயரையும் மாற்ற வேண்டாம், வேறு ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டாம் என்பது அதன் முதல் வரி. மாற்றினால் பட்டியல் சொல்லும் இடத்தில் அந்தக் கோப்பு இருக்காது, இரண்டுக்கும் தொடர்பு இருந்ததே விண்டோஸுக்குத் தெரியாது.