நம்பர் மாறக் கூடாது

ஜூன் 27, வெள்ளி

மேற்கு மாம்பலத்திலிருந்து சேலையூருக்கு போனையும் நெட்டையும் மாற்ற எழுதிக் கொடுத்தாயிற்று. கவுண்டரில் இருந்தவர் பாக்கி ஏதும் இல்லை என்று கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "ஆடிக்கு முன்னாடி எல்லாரும் வீடு மாத்துறாங்க மேடம், கொஞ்சம் டைம் ஆகும்" என்றார். நம்பர்? "அது ஏரியாவைப் பொறுத்தது." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 28, சனி

ஏரியாவைப் பொறுத்தது. ராத்திரி பூரா இதே யோசனை. செம்புக் கம்பி இருந்தவரை அதில் நியாயம் இருந்தது. நம்பரின் முதல் இலக்கங்களை வைத்தே எந்த எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லிவிடலாம். வேறு எக்ஸ்சேஞ்சுக்குப் போனால் வேறு நம்பர். ஆனால் இப்போது ஃபைபர் ஆயிற்றே. போன் ஒயர் மோடத்தின் பின்னால்தான் செருகியிருக்கிறது, பேச்சும் நெட்டோடு சேர்ந்து டேட்டாவாகத்தான் போகிறது. மாம்பலமானால் என்ன, சேலையூரானால் என்ன? இரண்டும் 044தானே. கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்கு நம்பரை எடுத்துப் போகவும் வழியில்லை. மொபைலுக்கு 2011லேயே நாடு முழுக்க வந்துவிட்ட வசதி, லேண்ட்லைனுக்குக் கிடையாது.

அண்ணன் புனேயிலிருந்து பேசினான். "இந்தக் காலத்துல லேண்ட்லைன் எதுக்குடி?" வைத்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

லைனை மாற்றுவதற்கான ஓடிபி அம்மாவின் பழைய நம்பருக்குப் போகிறது. 90 நாள் உபயோகம் இல்லாத சிம்மை அணைத்துவிடுவார்கள், அப்புறம் அந்த நம்பர் வேறு யாருக்காவது போய்விடும். தெரிந்துதான் கூப்பிட்டேன். என் போனில் இன்னமும் 'அம்மா' என்றுதான் இருக்கிறது. எடுத்தது ஓர் ஆண் குரல், பின்னால் லேத் பட்டறைச் சத்தம். விஷயத்தைச் சொல்லி ஓடிபி கேட்டேன். "ஏம்மா, காலங்காத்தால ஏமாத்துறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா? ஓடிபியை யாருக்கும் சொல்லாதேன்னு டீவியிலயே சொல்றாங்க." அவர் சொன்னதில் தப்பே இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஓடிபி இல்லையென்றால் அப்பா கையெழுத்துப் போட்ட கடிதமும் ஆதார் நகலும் வேண்டுமாம். அப்பா பேனாவை வாங்கி, ஆபீஸ் கையெழுத்தைப் பிசிறில்லாமல் போட்டார். அடியில் தேதியும் போட்டார்: 12/3/94. கவுண்டரில் திருப்பித் தந்துவிட்டார்கள். வேறு தாளில் போட வைத்து, கையெழுத்து முடிந்ததும் பேனாவை வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 2, புதன்

பால் காய்ச்சியாயிற்று. இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை.

ஜூலை 4, வெள்ளி

நெட் இன்னும் வரவில்லை. ஹாட்ஸ்பாட்டில் ஆபீஸ் மீட்டிங். மேனேஜர் முகம் பாதியில் உறைந்து நின்றது, அது ஒரு வகையில் நிம்மதி.

அப்பாவின் சட்டைக் காலர்களுக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் வீட்டு நம்பர் தைத்திருக்கிறேன். "உன் மொபைல் நம்பரைத் தைச்சா போதாதா?" என்கிறான் அண்ணன். அதுவும்தான் தைத்திருக்கிறது. ஆனால் வழி தெரியாமல் நிற்கிற பெரியவரின் காலரைத் திருப்பிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? "ஐயா, வீட்டு நம்பர் சொல்லுங்க" என்றுதான் கேட்பார்கள். அப்பா டக்கென்று சொல்லிவிடுவார். போன வருஷம் அயோத்யா மண்டபத்துப் பக்கம் பூக்காரம்மா அப்படித்தான் கேட்டு எனக்குச் சொன்னார். அப்பா சொல்வது ஏழு இலக்கம், முன்னால் 2 சேர்வதற்கு முந்தைய பழைய நம்பர். டயல் செய்யும்போது மட்டும் எட்டையும் சரியாக அழுத்துவார். வாய்க்கு ஏழு, விரலுக்கு எட்டு. டாக்டரிடம் கேட்டதற்கு, "அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். பூக்காரம்மா பழைய ஆள், 2 சேர்த்து அடித்தார். சேலையூரில் யார் சேர்ப்பார்கள்?

ஜூலை 5, சனி

லைன் போட ஒரு தம்பி வந்தார். எதிர்வீட்டு மாமரம் வழியாகக் கறுப்பு ஒயரை இழுத்து வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து உறையை உரித்தார். உள்ளே கண்ணாடி இழை, ஊதினால் பறந்துவிடும் போல. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, முனையை வெட்டி, மெஷினில் வைத்து மூடினார். சின்னத் திரையில் இரண்டு முனைகளும் பெரிதாகத் தெரிந்தன. தானே நகர்ந்து நேராகி, பளிச்சென்று ஒரு மின்னல், ஒட்டிக்கொண்டன. "வெல்டிங்கா?" என்றார் அப்பா. "ஆமா தாத்தா, கண்ணாடி வெல்டிங்." வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தார், மீட்டரில் மைனஸ் 21. "மைனஸ் 27ஐத் தாண்டினாத்தான் தொல்லை அக்கா. ஒயரை மடக்கிக் கட்டிடாதீங்க, மடங்குற இடத்துல வெளிச்சம் வெளியே போயிடும்."

சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. ரிசீவரில் டயல் டோன். என் மொபைலுக்கு, முன்னால் 0 போட்டு, அடித்துப் பார்த்தேன். 2021 ஜனவரியிலிருந்து அந்த 0 இல்லாமல் போகாது. மணி அடித்தது.

திரையில் வேறு நம்பர்.

ஜூலை 6, ஞாயிறு

நான் குளித்துக்கொண்டிருந்தபோது அப்பா வீட்டுக்கு போன் பண்ணியிருக்கிறார். எண் உபயோகத்தில் இல்லை என்று ரெகார்டு பேசியிருக்கிறது. "வீட்டைக் காலி பண்ணிட்டாங்க, நான் போய்ப் பாக்கணும்." செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றார். மத்தியானம், சாயங்காலம், ராத்திரி. போன் ஒயரைப் பிடுங்கி வைத்தேன்.

ஜூலை 7, திங்கள்

திருச்செந்தூர் கும்பாபிஷேகம் நேரலையில். அப்பா கும்பிட்டபடியே உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நேரம் செருப்பு ஞாபகம் வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பழைய நம்பரையே கேட்டு டெலிபோன் ஆபீஸுக்குப் போனேன். ஒருவர் முடியாது என்றார். இன்னொருவர் மெயில் அனுப்பச் சொன்னார். உள் அறையில் ஓர் அம்மா, ரிட்டையராகப் போகிற வயசு, ஃபைலைப் பார்த்துவிட்டு, "ஃபைபர்தானே, எதுக்கு நம்பரை மாத்தினாங்க?" என்று எனக்காகவே கோபப்பட்டார். பழைய நம்பர் இன்னும் யாருக்கும் போகவில்லையாம். காலில் விழாத குறை.

ஜூலை 9, புதன்

கரண்ட் இல்லை, ஆகவே நெட் இல்லை, போனும் இல்லை. பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். தெருவே இருட்டாக இருந்தாலும் போன் பேசும். ரிச்சி தெருவில் மோடத்துக்கு மினி யூபிஎஸ் வாங்க வேண்டும். 12 வோல்ட்தானா என்று அடாப்டரைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

வந்துவிட்டது. அதே எட்டு.

அப்பாவிடம் ரிசீவரைக் கொடுத்தேன். அடித்தார், காதில் வைத்துக் கேட்டார். எங்கேஜ்டு. தன் நம்பரைத் தானே அடித்தால் வேறென்ன வரும்? "யாரோ பேசிக்கிட்டிருக்காங்க, அப்புறம் பண்றேன்" என்று வைத்துவிட்டுக் காபி கேட்டார். நான் அடுப்படியில் நின்று சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை.

ஜூலை 12, சனி

வெளியிலிருந்து அடித்தால் உள்ளே மணி அடிக்கவில்லை. மொபைலில் ரிங் போகிறது, இங்கே சத்தமே இல்லை. திங்கள்கிழமை ஆள் வருவாராம். அதுவரை கேட்டுக்குப் பூட்டு. எதிர்வீட்டம்மாவிடம் அப்பாவைக் காட்டி, என் மொபைல் நம்பரை எழுதிக் கொடுத்தேன். இவர் ஏழு இலக்கம் சொன்னால் முன்னால் 2 போட வேண்டும் என்றும் சொன்னேன். விநோதமாகப் பார்த்தார். மெடிக்கல் ஷாப்பில் இன்னும் சொல்லவில்லை.