நான்கு பாட்டில், பன்னிரண்டு மணி நேரம்

காய்ச்சல் தொடங்கிய நான்காம் நாள் மகளின் கண்கள் இரண்டும் சிவந்தன, பீளை இல்லை. வயிற்றில் செம்புள்ளிகள். "மணல்வாரி அம்மைதான் மக்களே" என்று மாமியார் வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். தக்கலையில் முதலில் காட்டிய மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினார். இரண்டு நாள் கொடுத்தும் காய்ச்சல் 103க்குக் கீழே இறங்கவில்லை.

ஆறாம் நாள் நாகர்கோவிலில் ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடம் ஓடினோம். ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன்பே, "நாக்கைக் காட்டு மக்களே" என்றார். ஸ்ட்ராபெர்ரி நாக்கு என்று இதற்குப் பெயராம். எனக்கு என்னவோ மார்த்தாண்டம் சாலையோரம் குவித்து விற்கும் ரம்புட்டான்தான் நினைவுக்கு வந்தது. வெடித்த உதடு, வீங்கிய உள்ளங்கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "காவசாகி நோய்" என்றார். "அது பைக் அல்லவா?" என்று என் கணவர் கேட்டேவிட்டார். 1967இல் இதை விவரித்து எழுதிய ஜப்பானிய மருத்துவரின் பெயராம்.

அடுத்துச் சொன்னதில் சிரிப்பு போய்விட்டது. ரத்தக் குழாய்களில் அழற்சி. அப்படியே விட்டால் நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத்தின் கரோனரி குழாய் புடைத்துவிடும். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை நரம்பில் ஏற்றினால் அந்த ஆபத்து நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கும். எங்களுக்கு மிச்சம் நான்கு நாள்.

கிலோவுக்கு 2 கிராம் கணக்கு. பத்து கிலோ குழந்தைக்கு 20 கிராம், அதாவது ஐந்து கிராம் பாட்டில் நான்கு. என் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. வடசேரியிலிருந்து கணவர் தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த ரத்தத் திரவமான பிளாஸ்மாவிலிருந்து பிரித்த புரதம் அது. பார்க்கத் தண்ணீர்தான். நான் பாட்டிலைக் குலுக்கப் போக, செவிலியர் கையைப் பிடித்துக்கொண்டார்: "நுரைத்துவிடும் அக்கா." குளிர் போகும்வரை மேசையில் வைத்திருந்துவிட்டுத்தான் ஏற்றினார்.

முதலில் மணிக்கு 5 மில்லி. அவ்வளவு மெதுவாக ஏன் என்று எரிச்சலாக இருந்தது. நடுக்கமோ ஒவ்வாமையோ வந்தால் உடனே நிறுத்தத்தான் என்று பிறகு புரிந்தது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் வெப்பமும் பார்த்து, மெல்ல வேகம் கூட்டினார்கள். கடைசி பாட்டில் முடியும்போது விடிந்திருந்தது.

பாட்டில் முடிந்து 36 மணி நேரத்துக்குப் பிறகும் காய்ச்சல் இருந்தால் இன்னொரு சுற்று என்று சொல்லியிருந்தார்கள். அடகு வைக்க வளையலும் இல்லை. தெர்மாமீட்டரை நான் கீழே வைக்கவே இல்லை. 99க்கு வந்தது, அங்கேயே நின்றது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் குழாய்கள் சரியாக இருந்தன.

வீட்டுக்கு வந்த பிறகு விரல்நுனித் தோல் வெங்காயச் சருகு போல உரிந்தது. இது நோயின் வழக்கம்தானாம். ஆஸ்பிரின் ஆறு வாரம் கொடுத்தோம்.

போன வாரம் கிராம சுகாதாரச் செவிலியர் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணைக்கு அழைத்தார். ஏற்றிய எதிர்ப்புப் புரதம் அந்தத் தடுப்பூசியை வேலை செய்ய விடாது, 11 மாதம் பொறுக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் தாளைக் காட்டினேன். இருமுறை படித்துவிட்டு, அட்டையில் அடுத்த ஜூலையைப் பென்சிலால் குறித்துக்கொடுத்தார்.