இரண்டு விண்டோஸ், ஓர் உரிமம்: ஏ பிளஸ் தேர்வில் நான் சறுக்கிய இடம்

போன வியாழக்கிழமை இரண்டாம் முறை எழுதி 738 வாங்கிவிட்டேன். முதல் முறை 691. கணினித் தொழில்நுட்பர்களுக்கான காம்டியா ஏ பிளஸ் சான்றிதழின் இரண்டாம் தாளில் தேற 700 வேண்டும். அந்த ஒன்பது மதிப்பெண், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வாடகை அறையில் என்னை ஒரு மாதம் தூங்கவிடவில்லை.

முடிவுத் தாளில் தவறிய தலைப்புகள் வருமல்லவா, அதில் மென்பொருள் உரிமமும் இருந்தது. தவறியது ஒரே கேள்வியாகக்கூட இருக்கலாம். ஆனால் பழியை அதன்மேல் போட்டால்தான் எனக்கு மனம் ஆறுகிறது. ஏனென்றால் அதை நான் படிக்காமல் விடவில்லை, கையால் செய்தே பார்த்திருந்தேன்.

மடிக்கணினியில் விண்டோஸ் 11 புரோ இருந்தது. வட்டில் அதற்கான இடத்தைச் சுருக்கி, மிஞ்சியதில் இரண்டாவது பார்ட்டிஷன் (தனிப் பகுதி) உண்டாக்கி, அதில் அதே புரோவை மறுபடி நிறுவினேன். உரிமச் சாவி எண் கேட்கவில்லை, இணையத்தில் இணைந்ததும் ஆக்டிவேஷன், அதாவது உரிமச் சரிபார்ப்பு, தானாக நடந்துவிட்டது. 'ஓர் உரிமம் இரண்டுக்கும் போதும்' என்று குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதிவைத்தேன். மடையன்.

அதே வன்பொருள், அதே பதிப்பு என்றால் மைக்ரோசாஃப்ட் சர்வர் அடையாளம் கண்டு திறந்துவிடுகிறது. அது பூட்டின் வேலை. உரிம ஒப்பந்தமோ ஓர் உரிமத்துக்கு ஒரு நிறுவல் என்கிறது. "ஒரு நேரத்தில் ஒன்றுதானே ஓடுகிறது?" என்று பினாங்கிலிருந்து வந்திருந்த மாமாவிடம் வாதாடினேன். "உன் அப்பா வீட்டில் இரண்டு கார் நிற்கிறது, ஓட்டுபவர் அவர் ஒருவர்தான். ஒன்றுக்கு மட்டும் சாலை வரி கட்டினால் விடுவார்களா, தம்பி?" என்றார். அவர் கணினியைத் தொட்டதே இல்லை.

மனத்தில் நிறுத்த வேண்டியவை:

- விண்டோஸோடு லினக்ஸ்: வாங்க வேண்டியது விண்டோஸ் உரிமம் மட்டும். லினக்ஸ் இலவசம்தான், ஆனால் அதற்கும் ஜிபிஎல் என்ற உரிமம் உண்டு.
- விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மேம்படுத்தினால் பழைய உரிமம் புதியதில் கரைந்துவிடும். 10ஐத் தனியாக வைத்துக்கொள்ள இன்னொன்று வேண்டும்.
- ஓஇஎம், அதாவது கணினியோடு சேர்ந்தே வரும் உரிமம், அந்தக் கணினியோடு சரி. ரீடெயிலை, அதாவது தனியாக வாங்கிய உரிமத்தை, பழையதில் நீக்கிவிட்டு, வேறு கணினிக்கு மாற்றலாம்.
- மெய்நிகர் இயந்திரத்தில் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி) நிறுவினாலும் அது ஒரு நிறுவலே.
- மேக்ஓஎஸ் ஆப்பிள் கணினியில் மட்டும்.

செய்முறைக் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மற்றபடி தேர்வைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. காணொளி பார்த்தே தேறுகிறவர்களுக்கு இது தேவைப்படாது. என்னைப் போல் பிரித்துப் பார்த்தால்தான் புரியும் என்கிறவர்கள், நிறுவி முடித்ததும் 'வின்வெர்' (winver) கட்டளையைக் கொடுங்கள். வரும் பெட்டியில் உரிம விதிகளுக்கான இணைப்பு இருக்கும். அரை மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள்.

இம்முறை தேர்வின் தொடக்கத்தில் வரும் ஒப்பந்தத்தையும் வரிவரியாகப் படித்தேன். கேள்விகளை வெளியே சொல்லக் கூடாதாம். ஆகவே அந்தக் கேள்வி இங்கே இல்லை. இரண்டாவது பார்ட்டிஷனில் இப்போது உபுண்டு என்ற லினக்ஸ் இருக்கிறது.