2002 சிட்டி வீடெக்: வாங்கினதுல இருந்து இதுவரைக்கும் செஞ்ச வேலை

வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் (வீடெக்னா ஆர்பிஎம் ஏறினா வால்வ இன்னும் அதிகமா திறக்க வைக்கிற ஹோண்டா ஏற்பாடு). அஞ்சு கியர் மேனுவல், கோயம்புத்தூர் நம்பர், ரெண்டாவது ஓனர்கிட்ட இருந்து ஒன்றரை லட்சத்துக்கும் கம்மியா வாங்கினது. இந்த காசுக்கு புதுசா ஒரு நல்ல பைக்கே எடுக்கலாமேன்னு வீட்ல கேட்டாங்க, ஆனா 106 ஹார்ஸ்பவர், ஒரு டன் பக்கம் எடை, மேல போகப்போக உற்சாகமா சுத்துற என்ஜின், எல்லாம் சேர்ந்து இந்த விலைக்கு நம்ம ஊர்ல வேற செடான்ல வராதுன்னு நான் உறுதியா நம்புறேன்.

ஹோண்டா இங்க சிட்டிய 1998-ல இறக்குனாங்க, 1.3, 1.5 ரெண்டு என்ஜின்ல. இந்த வீடெக் அதுக்கப்புறம் வந்தது. 2003-ல அடுத்த சிட்டி வந்தப்ப உள்ள இடம் நிறைய, மைலேஜும் நல்லா இருந்துச்சு, ஆனா பவர் 77-க்கு இறங்கிடுச்சு, அதனாலதான் பழைய உடம்பு வீடெக்க இன்னைக்கும் தேடித்தேடி வாங்குறாங்க. சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்ல டூரிங் கார் ரேஸ்ல எல்லாம் ஓடுன வண்டி இது. அதுலயே ஒரு சிக்கலும் இருக்கு, மிச்சம் இருக்கிறதுல பாதி வண்டி யாரோ ஸ்பிரிங் வெட்டி, சைலன்சர் மாத்தி, போட்டு அடிச்சு ஓட்டுனதா இருக்கும். எனக்கு கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கிற வண்டிதான் வேணும்னு ரொம்ப நாள் காத்திருந்தேன்.

பார்க்கப் போறப்ப என்ஜினுக்கு முன்னாடி பாடிய பாருங்க. டிக்கியில ஸ்டெப்னிய தூக்கி அந்த குழியில துரு இருக்கா, பின் வீல் ஆர்ச்ச விரலால தடவிப் பார்த்தா உள் மடிப்புல பொருபொருன்னு வருதா, கதவு ஓரத்துல பட்டி போட்ட அடையாளம் இருக்கா. என்ஜின் பார்ட் தேடுனா கிடைச்சிடும், நல்ல பாடி கிடைக்காது.

முதல் வேலை டைமிங் பெல்ட், அதாவது வால்வும் பிஸ்டனும் ஒரே தாளத்துல ஓட வைக்கிற பெல்ட். எப்ப மாத்துனாங்கன்னு பில் இல்லாத வண்டின்னா கேள்வியே கேக்காம மாத்திடணும், ஏன்னா இது பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கிற வகை என்ஜின், ஹெட்டே போயிடும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்லதான் சுத்துது, அதனால பெல்ட், டென்ஷனர், பம்ப், ஆயில் சீல் எல்லாத்தையும் ஒரே தடவையில முடிச்சாச்சு. இங்க ஒரு விஷயம், அந்தக்கால ஹோண்டா என்ஜின் மத்த வண்டிக்கு எதிர்த்திசையில, இடப்பக்கமா சுத்தும். பெல்ட் போடுறப்ப டைமிங் மார்க் சேர்க்க கிராங்க் ஷாஃப்ட திருப்புறப்ப அந்த திசையிலதான் திருப்பணும், வேலை தெரிஞ்ச ஆளான்னு நான் பார்த்தது இத வச்சுத்தான். என் மெக்கானிக் அண்ணன் ஸ்பேனர எடுத்தவுடனே சரியான பக்கம் திருப்புனாரு, அப்பவே மனசு நிம்மதி ஆச்சு.

அடுத்து வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அத அமுக்குற ராக்கர் ஆர்முக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. இதுல ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்டர் கிடையாது, ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான், அதனால பீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) வச்சு பார்த்துத்தான் ஆகணும். இன்டேக் 0.20 மிமீ பக்கம், எக்ஸாஸ்ட் 0.25 மிமீ பக்கம், என்ஜின் முழுசா ஆறி இருக்கணும். ராத்திரி வண்டிய விட்டுட்டு வந்து காலையில ஸ்டார்ட் பண்ணாம அப்படியே திறந்தோம். எக்ஸாஸ்ட் பக்கம் சிலது டைட்டா இருந்துச்சு. அத சரி பண்ணதும் ஐடிலிங் படிஞ்சது பாருங்க, சிக்னல்ல நிக்கிறப்ப மீட்டர பார்த்துத்தான் என்ஜின் ஓடுதுன்னு தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு.

வீடெக் வேலை செய்யுறதே ஆயில் பிரஷர்லதான். ஆர்பிஎம் ஏறினதும் ஹெட்ல இருக்கிற சொலினாய்டு (கரண்ட்ல திறக்கிற வால்வு) ஆயில திறந்து விடும், அந்த பிரஷர் ராக்கர் ஆர்முக்குள்ள இருக்கிற பின்ன தள்ளி ஒண்ணோட ஒண்ணு பூட்டும், உடனே வால்வு இன்னும் அதிகமா திறக்கும். ஆயில் கம்மியா இருந்தாலோ சகதியா இருந்தாலோ இந்த மாற்றம் நடக்காது, வண்டி ஓடும், ஆனா மேல போகப்போக மூச்சு வாங்குற மாதிரி இருக்கும். பழைய வீடெக் ஓட்டிப்பார்த்து இதுல என்னடா இருக்குன்னு இறங்கிப் போன பலபேர் இப்படிப்பட்ட வண்டியத்தான் ஓட்டியிருப்பாங்கன்னு எனக்கு தோணும். சொலினாய்டுக்கு அடியில ஒரு கேஸ்கெட், அதுலயே சின்ன வலை மாதிரி பில்டர் இருக்கும். என் வண்டியில அது கெட்டியாகி ஆயில் கசிஞ்சு கீழ வடிஞ்சிட்டு இருந்துச்சு. பிளக்குக்கு கரண்ட் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டரோட ஓரிங்கும் அதே நிலைமை. ரெண்டும் சின்ன ரப்பர் சாமான்தான், காசு பெருசா இல்ல, மாத்திட்டு ஹெட்ட துடைச்சு விட்டோம், இன்னைக்கு வரைக்கும் ஹெட் பக்கம் காய்ஞ்சுதான் இருக்கு.

எல்லாரையும் அலைய விடுற கோளாறு ஒண்ணு என் வண்டியிலயும் வந்துச்சு. காலையில ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆகும், மத்தியானம் வெயில்ல நிறுத்திட்டு வந்தா செல்ப் அடிக்கும், ஆனா ஸ்டார்ட் ஆகாது. கால் மணி நேரம் கண்ணாடிய இறக்கி விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்ப் போச்சுன்னு ஒருத்தர் சொன்னாரு, இன்னொருத்தர் ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) மாத்தணும்னாரு. அண்ணன் சாவிய ஆன் பண்ணிட்டு பேசாம காது கொடுத்தாரு. "தம்பி, சாவி போட்டதும் பின்னாடி ரெண்டு செகண்ட் உய்ங்னு பம்ப் சத்தம் வரணுங்க, இப்ப வரல பாருங்க"ன்னு சொல்லிட்டு டேஷ்போர்டுக்கு கீழ கைய விட்டு, பம்புக்கு கரண்ட் குடுக்குற மெயின் ரிலேவ கழட்டிட்டாரு. உள்ள போர்டுல ஈயம் வச்ச இடத்துல மயிரிழை மாதிரி வட்டமா விரிசல், லென்ஸ் வச்சு பார்த்தாத்தான் தெரியுது. சூட்டுல விரிஞ்சு கனெக்‌ஷன் விட்டுடும், ஆறினா சேர்ந்துக்கும். டிவி ரிப்பேர் கடையில குடுத்து எல்லா ஜாயின்டும் புதுசா பத்த வச்சோம். அந்த கால ஹோண்டா எந்த மாடல் வச்சிருந்தாலும் சூட்டுல ஸ்டார்ட் ஆகலன்னா முதல்ல இத கழட்டிப் பாருங்க, பம்ப் வாங்க ஓடாதீங்க.

கியர் காலையில ரெண்டாவதுக்கு விழ மறுத்துச்சு. வடிச்சுப் பார்த்தா சாதாரண கெட்டியான கியர் ஆயில் ஊத்தி வச்சிருக்காங்க. ஹோண்டா மேனுவல் பாக்ஸுக்குன்னு தனியா மெல்லிசா ஒரு ஆயில் இருக்கு, அத ஊத்தி கொஞ்சம் ஓட்டுனதும் கியர் வெண்ணெய்ல கத்தி போற மாதிரி விழுது.

பெட்ரோல் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்குற ரகத்துல மாத்தியாச்சு, இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, இருபது வருஷ பழைய ரப்பர நம்ப முடியாது. முன்னாடி டிஸ்க், பேட், பின்னாடி டிரம் ஷூ, பிரேக் ஆயில், நாலு டயர் எல்லாம் புதுசு. இந்த வண்டியில ஏர்பேக் இல்ல, ஏபிஎஸ் இல்ல, அதனால பவருக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி நிறுத்துறதுக்கு செலவு பண்ணணும்னு நான் பிடிவாதமா இருந்தேன். இங்க உக்கடத்துல கிடைக்காத சாமான் சென்னை புதுப்பேட்டையில கிடைச்சுது, ஹெட்லைட் மட்டும் டெல்லி மாயாபுரியில இருந்து வரவழைச்சோம்.

செலவு கணக்கு போடுறவங்க ஆர்சியையும் சேர்த்துக்கோங்க. 15 வருஷம் முடிஞ்சா அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமாத்தான் புதுப்பிப்பாங்க, 2025 ஆகஸ்ட்ல இருந்து 20 வருஷம் தாண்டின காருக்கு அந்த கட்டணமே 10,000 ரூபாய், அதுக்கு மேல கிரீன் டாக்ஸ் வேற.

இவ்வளவு வேலையும் முடிஞ்சு வால்பாறை ஏத்துனேன். ஆழியார் தாண்டி 40 கொண்டை ஊசி, ரெண்டாவது கியர்ல வளைவுக்குள்ள விட்டு வெளிய வர்றப்ப மெதுவா மிதிச்சா போதும், மீட்டர் முள்ளு மேல ஏற ஏற சத்தமே வேற ஆகுது, கரகரன்னு ஒரு உறுமல் சேருது, வண்டி இழுக்குற இழுப்புல ஸ்டீயரிங் கைக்குள்ள உயிரோட இருக்கு. ஒன்பதாவது வளைவு வியூ பாயின்ட்ல நிறுத்தி பானெட்ட திறந்து பார்த்தேன், எங்கயும் ஒரு சொட்டு ஆயில் இல்ல, டெம்பரேச்சர் முள்ளு பாதிக்கு கீழயே நின்னுச்சு. இறங்குறப்ப பிரேக் கடைசி வரைக்கும் ஒரே மாதிரி பிடிச்சுது.

ஏர் பில்டர், பெரிய எக்ஸாஸ்ட், சிப் இதெல்லாம் எப்ப போடுவன்னு பசங்க கேக்குறாங்க. போட மாட்டேன். கம்பெனி குடுத்த 106-ல எவ்வளவு இன்னும் உள்ள இருக்குன்னு தேடி எடுக்குறதுதான் எனக்கு இதுல சந்தோஷம்.

இன்னும் பாக்கி இருக்கிறது என்ஜின் மவுன்ட் ரெண்டு, முன் லோயர் ஆர்ம் புஷ், அப்புறம் இடது பின் வீல் ஆர்ச்ல ஆரம்பிக்கிற துரு. துருவ ஐப்பசி மழைக்கு முன்னாடி வெட்டி வெல்டு வச்சு முடிச்சிடணும், டிங்கர் கடையில நாள் குடுத்துட்டாங்க. மவுன்ட் ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு யாராவது ரெண்டும் போட்டு ஓட்டியிருந்தா சொல்லுங்க, டூப்ளிகேட் போட்டா ஐடிலிங்ல ஸ்டீயரிங் அதிருதுன்னு அண்ணன் சொல்றாரு, வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கிறேன்.