ஷிப்ட் வேலைக்கு நடுவுல ஒரு தஞ்சாவூர் பெயிண்டிங், இதுவரைக்கும்

தஞ்சாவூர் பெயிண்டிங் போடுறேன்னு சொன்னா யாரும் படத்த காட்டுன்னு கேக்குறதில்ல, "உனக்கு எங்கப்பா நேரம்?"னுதான் கேக்குறாங்க. நான் திருச்சி துவாக்குடி பக்கம் ஒரு பேப்ரிகேஷன் கம்பெனியில இருக்கேன், வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும், பர்ஸ்ட் ஷிப்ட்னா காலையில 6 மணிக்கு உள்ள நிக்கணும், நைட்னா 10க்கு போயி விடிஞ்சதும் வரணும். இதுல தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காந்து பழகுற மாதிரி எந்த ஹாபியும் எனக்கு ஒத்து வரல. கீபோர்டு கிளாஸ் சேந்து விட்டாச்சு, ஜிம் கதை சொல்லவே வேணாம். இது மட்டும் எப்படி நிக்குதுன்னா, இந்த வேலையில பாதிக்கு மேல காய விடுறதுதான். ஒரு கோட்டு போட்டா அது காயுற வரைக்கும் நீ ஒண்ணும் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. நைட் ஷிப்ட்டுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி இருவது நிமிஷம் ஒரு கோட்டு, காலையில வந்து தொட்டு பாத்துட்டு தூங்கி எந்திரிச்சு அடுத்த கோட்டு. அது பாட்டுக்கு நடக்குது.

சனிக்கிழமை கிளாஸ், எங்க ஏரியாவுலயே ஒரு டீச்சர் வீட்டு மாடியில எடுக்குறாங்க. நான் ஒருத்தன்தான் ஆம்பள, மீதி எல்லாம் அக்காங்களும் ரெண்டு காலேஜ் புள்ளைங்களும். மொத நாளே டீச்சர் சொல்லிட்டாங்க, "தம்பி, கலர் தொட ரொம்ப நாள் ஆகும், பொறுமை இருந்தா வாங்க". எனக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல. எங்க கம்பெனியிலயும் பெயிண்ட் அடிக்கிறது கடைசி வேலை, அதுக்கு முன்னாடி துரு எடுத்து, தேச்சு, பிரைமர் போட்டு ரெடி பண்றதுதான் ஒரிஜினல் வேலை, அத ஒழுங்கா பண்ணலேன்னா எவ்ளோ நல்ல பெயிண்ட் அடிச்சாலும் உரிஞ்சு வந்துரும். இங்கயும் அதே கணக்குதான்.

போர்டு வேலை இப்படி. பிளைவுட் பலகை, நான் எடுத்தது 12க்கு 10 இன்ச், புதுசா பழகுறவங்களுக்கு இது போதும். அதுக்கு மேல காடா துணி ஒட்டணும். துணிய முன்னாடியே நல்லா ஊற வெச்சு அலசி கஞ்சி எல்லாம் போக்கி, காய வெச்சு அயர்ன் பண்ணி, பெவிக்கால்ல தண்ணி கலந்து பலகையில தடவி, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு உள்ளங்கையால தள்ளித் தள்ளி ஒட்டணும், ஒரு காத்துக்குமிழி கூட நிக்கக்கூடாது. அந்தக் காலத்துல பலாப்பலகையும் புளியங்கொட்டைப் பசையும்தானாம், இப்ப பிளைவுட்டும் பெவிக்காலும். துணி காஞ்சதும் சாக் பவுடரும் கோந்தும் கலந்து அது மேல மெல்லிசா ஒரு கோட்டு, காய விட்டு, குறுக்கால இன்னொரு கோட்டு, மறுபடி காய விட்டு இன்னொண்ணு. துணியோட நெசவு கண்ணுக்குத் தெரியாம மறையுற வரைக்கும் இப்படியே போகும். அப்பறம் உப்புத்தாள். மொதல்ல கொஞ்சம் முரட்டு நம்பர், அப்பறம் நைஸ் நம்பர். கண்ணால பாத்தா வழவழன்னுதான் இருக்கும், கண்ண மூடிட்டு விரல் நுனியால தடவுனாதான் மேடு பள்ளம் தெரியும், இது எங்க ஷாப்புல ஒரு பெரியவர் இரும்புத் தகட்டுக்கு சொல்லிக் கொடுத்தது, இங்கயும் உதவுது.

வீடு பூரா வெள்ளத் தூசி ஆயிரும், அத முன்னாடியே சொல்லிர்றேன். மொட்ட மாடியில வெச்சு தேய்ங்க, மாஸ்க் போட்டுக்கோங்க. எங்கம்மா ஒரு நாள் மேல துணி காயப் போட வந்தவங்க, "ஏண்டா, சாமி படம்ங்கிற, தரையில போட்டு இந்தத் தேய் தேய்க்கிற?"ன்னாங்க. "இன்னும் சாமி வரலம்மா, வெறும் பலகைதான்"னு சொன்னதும் போயிட்டாங்க, ஆனா அன்னிக்கு சாயங்காலமே ஒரு பழைய கோரப்பாயக் கொண்டாந்து கீழ விரிச்சு வெச்சுட்டாங்க.

படம் நவநீத கிருஷ்ணன், வெண்ணெய்க் குடத்த அணைச்சுக்கிட்டு உக்காந்திருப்பார்ல, அது. டீச்சர்கிட்ட டிரேஸ் ஷீட் இருக்கு, கார்பன் வெச்சு பலகையில இறக்குறது ஒரு சாயங்கால வேலைதான். இங்க ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல, கோடு அழுத்திப் போட்டா அடியில பள்ளம் விழுந்துரும், லேசா போடணும், அவ்ளோதான். அடுத்தது கல் ஒட்டுறது. ஜெய்ப்பூர் கல்லுனு சொல்லி விக்கிறாங்க, செவப்பு, பச்சை, வெள்ளைனு எல்லா சைஸ்லயும். கிரீடம், மாலை, தோள்வளை, தூண்ல எல்லாம் எங்கெங்க வரணும்னு பென்சில்ல குறிச்சுட்டு பெவிக்கால்ல ஒட்டி விட்டா கல்லு முடிஞ்சுது. சில பேரு படம் பூரா கல்லா பதிச்சு வெச்சுர்றாங்க, பாக்க நகைக்கடை போர்டு மாதிரி ஆயிருது, எனக்குப் புடிக்கல.

அப்பறம் மக்கு வேலை. என்னக் கேட்டா இந்த ஓவியத்தோட உயிரே இதுதான். சாக் பவுடரையும் கோந்தையும் கட்டி இல்லாம கொழச்சு, பிரஷ்ஷால எடுத்து, நகை வர்ற எடம், திரைச்சீலை, தூண், மண்டபத்து வளைவு எல்லாத்தையும் மேடா எழுப்பணும். கிட்டத்துல பாத்தீங்கன்னா புரியும், பிரஷ்ஷால தடவக் கூடாது, சொட்டாத் தொட்டு வெச்சு, நுனியால இழுத்து விடணும், அது தானா உருண்டு நிக்கும். முத்து வரிசை வைக்கிறது தனி வித்தை. ஒரு தடவ தோச்சுட்டு வரிசையா நாலு புள்ளி வெச்சா மொதப் புள்ளி பெருசா இருக்கும், நாலாவது கடுகு சைஸுக்கு எளைச்சிரும். அதனால ஒவ்வொரு புள்ளிக்கும் தோச்சு, கிண்ணத்து ஓரத்துல ஒரே மாதிரி வழிச்சு, பிரஷ்ஷ நேரா நிறுத்தி வெச்சு, நேரா மேல தூக்கணும், சாய்ச்சுத் தூக்குனா வால் விட்டுரும். ஒரு மாலைக்கு உண்டான முத்து முடிக்கிறதுக்குள்ள கழுத்து புடிச்சிக்கும், ஆனா அந்த நேரத்துல போன் எங்க இருக்குன்னே ஞாபகம் இருக்காது.

மக்குல அவசரப்பட்டு ஒரே கோட்டுல தடியா ஏத்தக் கூடாது. மேல் தோல் மொதல்ல காஞ்சு உள்ள ஈரம் நின்னு, அது சுருங்கும்போது விரிசல் விட்டுரும். கிளாஸ்ல ஒரு அக்கா தூண அப்படி ஏத்தி, அடுத்த சனிக்கிழமை கொண்டு வந்தப்ப நெடுக கோடு கோடா வெடிச்சிருந்துச்சு, டீச்சர் சொரண்டி எடுக்க வெச்சாங்க. மெல்லிசா ஒண்ணு, காய விட்டு அது மேல இன்னொண்ணு. நான் செகண்ட் ஷிப்ட் வாரத்துல காலையில ஒண்ணு, ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்புட்டுட்டு ஒண்ணுனு ஏத்துனேன், ஐப்பசி மழை வந்தப்ப எதுவுமே காயல, அந்த வாரம் சும்மாவே விட்டாச்சு. ஹேர் டிரையர் போடலாமானு கேட்டதுக்கு டீச்சர் பாத்த பார்வை இருக்கே, வேணாம்.

இதுக்கு நடுவுல ஒரு வீக் ஆஃப்ல தஞ்சாவூர் போயிட்டு வந்தேன், திருச்சிலேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரம் சொச்சம்தான். அரண்மனைக்குள்ள சரஸ்வதி மகால் நூலகத்தோட மியூசியத்துல பழைய படங்கள் இருக்கு. இந்த ஓவியம் நாயக்கர் காலத்துல ஆரம்பிச்சு மராட்டியர் காலத்துல நல்லா வளந்தது, அதுலயும் 1798லேர்ந்து 1832 வரைக்கும் இருந்த ரெண்டாம் சரபோஜி நெறைய ஆதரிச்சார்னு படிச்சிருந்தேன், புவிசார் குறியீடும் 2007-08லயே வாங்கியாச்சு. ஆனா நேர்ல பாத்தப்ப என் கண்ணுல பட்டது வேற. பழைய படத்துல கலர் அமைதியா அடங்கி இருக்கு, தங்கம் வேண்டிய எடத்துலதான் இருக்கு, மூஞ்சியில ஒரு நெதானம் இருக்கு. வெளிய கடையில தொங்குற புதுசு எல்லாம் தங்கம்தான் முன்னாடி வந்து நிக்குது, சாமி பின்னாடி போயிருது. அப்பவே முடிவு பண்ணிட்டேன், என் படத்துல மண்டபத்து மேல் பாகம், நகை, குடத்தோட வாய், இதோட தங்கம் சரி. திரைச்சீலைக்கு கலர்தான். டீச்சருக்கு இதுல முழு சம்மதம் இல்ல, "பாப்போம் தம்பி"ன்னு விட்டுட்டாங்க.

தங்கம் ஒட்டுறதப் பத்திக் கேக்காத ஆளே இல்ல, ஆமா ஒரிஜினல் தங்கம்தான், 22 கேரட் பாயில், அதாவது மெல்லிசு தங்கத் தகடு, தாள்ல ஒட்டி ஷீட்டா வரும். இமிடேஷன் பாயிலும் கெடைக்குது, வெல ரொம்பக் கம்மி, பழகுறதுக்கு ஓகே, ஆனா நாளானா மங்கிரும், இவ்ளோ நாள் ஒழச்சுட்டு அதுல போயி மிச்சம் புடிக்கிறது எனக்கு சரியாப் படல. மக்கு எடத்துல மெல்லிசா பசை தடவி, அளவுக்குக் கொஞ்சம் பெருசா வெட்டுன துண்ட மேல வெச்சு, விரலால அமுக்கி, முத்துக்கும் முத்துக்கும் நடுவுல இருக்குற பள்ளத்துல எல்லாம் மை தீர்ந்த பால்பென் முனையால மெதுவா இறக்கி விடணும். அப்பதான் வெள்ளையா கெடந்தது ஒவ்வொண்ணா நகையா மாறும். கல்லு மேல படுற பாயில ஊசியால சுத்திக் கீறி எடுத்துட்டா கல் வெளிய எட்டிப் பாக்கும். ஓரத்த பிளேடால ஒட்ட வெட்டணும். ஃபேன் நிறுத்திருங்க, சித்திரை மாசமா இருந்தாலும் சரி. வெட்டி விழுந்த பொடித் துண்டுகளக் கூட ஒரு தீப்பெட்டியில சேத்து வெச்சிருக்கேன், சின்னச் சின்ன விட்டுப்போன எடத்துக்கு ஆகும். என் வைஃப் அந்தத் தீப்பெட்டிய பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா, கேட்டா "தங்கம்ல"ங்குறா.

இப்ப கலர் நடக்குது. பின்னணி கரும்பச்சை, ரெண்டு கோட்டு முடிஞ்சுது, தங்கத்துல படாம ஓரம் கட்டுறதுக்கு ஜீரோ பிரஷ்தான். திரைக்கு அரக்கு செவப்பு. கிருஷ்ணர் உடம்புக்கு வெளிர் நீலம் ஒரு கோட்டு போட்டிருக்கேன், கன்னத்துலயும் வயித்துலயும் மடிப்புக்கு ஷேடு குடுக்கணும், அந்தக் குண்டுத்தனம் வரணும்னா ஓரத்துல மட்டும் லேசா இருட்டடிச்சு நடுவுல விட்டுரணும்னு டீச்சர் போட்டுக் காட்டுனாங்க, அவங்க கையில ரெண்டு இழுப்புல வந்துச்சு, எனக்கு இன்னும் வரல, தனி அட்டையில போட்டுப் பழகிட்டு இருக்கேன். கண்ணு கடைசியில, அதுவும் வீட்ல வேணாம், கிளாஸுக்குக் கொண்டு வந்து என் முன்னாடி போடுங்கன்னு சொல்லிட்டாங்க.

அடுத்த வாரம் பர்ஸ்ட் ஷிப்ட், மத்தியானம் ரெண்டரைக்கு வீட்ல இருப்பேன், வெளிச்சம் நல்லா இருக்குற நேரம், ஷேடு வேலைய அப்ப வெச்சுக்கலாம்னு இருக்கேன். ரெண்டாவது பலகைக்கு துணி ஒட்டி பரண் மேல ஏத்தியாச்சு. அதுல என்ன போடுறதுன்னு வீட்ல பஞ்சாயத்து ஓடுது, அம்மா முருகன்ங்குறாங்க, வைஃப் கஜலட்சுமிங்குறா.