கண்ணாடித் தொட்டிக்குள் பெரணி

ஃபில்மி ஃபெர்ன் வகைப் பெரணியின் இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன்தான். வெளிச்சத்தில் பிடித்தால் நரம்புகளுக்கு நடுவே அந்தப் பக்கம் தெரியும். ஈரத்தைக் காக்கும் மெழுகுப் பூச்சு பெயருக்குத்தான். மற்ற இலைகளில் காற்று போய்வரும் நுண்ணிய வாசலான இலைத்துளை இதில் அறவே கிடையாது. அறைக் காற்றில் வைத்தால் சீக்கிரமே சுருண்டுவிடும்.

மூடிய கண்ணாடித் தொட்டிதான் இதற்குச் சரி. 1829இல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் மூடி வைத்தார். மண்ணில் தானாக ஒரு பெரணி முளைத்தது. மனிதர் பூச்சியை விட்டுவிட்டுப் பெரணியைப் பிடித்துக்கொண்டார்!

நேர்வெயில் ஆகவே ஆகாது, உள்ளே வெந்துவிடும். கண்ணாடியில் லேசாக ஆவி படிந்தால் ஈரம் போதும். நாள் முழுக்க வழிந்தால் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். அப்புறம், சும்மா சும்மா தண்ணீர் தெளிக்கத் துடிக்கிற கையைக் கட்டிப்போட வேண்டும். அதுதான் கஷ்டம்.